கயிறு விழும் இடம்

கிபோஷோ,
8 பிப்ரவரி 1998

யூலிட்டாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நல்ல செய்திகளை முதலில் எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டியதைப் பிறகு சொல்கிறேன்.

என் பேத்தி மங்கா நான்காம் படிவப் பரீட்சையில் கணக்கில் ஏ வாங்கியிருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் ஏ வாங்கியவள் அவள் ஒருத்திதான். தலைமைச் சகோதரி அவளை மேடைக்குக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தினாராம். என் மகன் தியோவுக்கு இப்போது பெரிய பஸ் கொடுத்துவிட்டார்கள், மோஷியிலிருந்து உங்கள் முவான்ஸா வரைக்கும் அவன்தான் ஓட்டுகிறான். மூத்த பேத்தி இலாரியா நர்ஸ் படிப்பை முடித்துத் தலையில் தொப்பி வைத்துக்கொண்டாள். கடைக்குட்டிப் பேரன் பாத்ரிசி, கோயிலில் உறுதிபூசுதல் சடங்கன்று ஆயர் கேட்ட கேள்விக்குத் திக்காமல் பதில் சொன்னான். இந்த வரிசையில் உன் மகன் செவெரினியையும் எப்போதும் சேர்த்துத்தான் எழுதுவேன். நம் குடும்பத்தில் முதன்முதலில் கழுத்துப்பட்டை கட்டி வேலைக்குப் போனவன் அவன். இந்தமுறை எழுதவில்லை. அவன் படத்தையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்ததை நீ முவான்ஸாவில் இருந்துகொண்டு அவன் வாயால் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். வாழைக் கள் பானையைச் சுற்றி உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாய்க்கால் ஓரமாக நடந்து அளந்துவிட்டு வந்து நின்றான்.

"பெரியம்மா, எங்க பக்கம் குறையுது. பெரியப்பா கோட்டைத் தள்ளி நட்டிருக்காரு" என்றான்.

"செத்தவரைத் திருடன்னு சொல்றியாடா?"

"நான் ஒண்ணும் சொல்லல. நெலம் சொல்லுது."

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ஆட்களோடு வந்து, எல்லைக்கு நட்ட இசாலேச் செடி வரிசையைப் பிடுங்கிப் புதுக் கோடு நடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இசாலேயைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய பாவம் என்று உனக்குத் தெரியும். அதைவிட, அவன் காட்டிய புதுக் கோடு என் வீட்டுக்காரர் தியோபிலின் கல்லறை மேல் போகிறது. அவர் நெஞ்சின் மேல் செடி நடுவான் உன் மகன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். நாளைக்கு ஊர் மன்றத்தில் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். மேலே அத்திமரம், கீழே வாய்க்கால். நம் மாமனார் மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டினார். வாய்க்காலைத் தொடும்வரை அதை என் பக்கம் இழுத்து ஒரு மூலை வைத்தார். அதே கயிற்றை உன் பக்கம் இழுத்து இன்னொரு மூலை வைத்தார். நான் ஒரு முனையில் நின்றேன், நீ மறுமுனையில் நின்றாய். மூலைகளுக்கு நடுவில் வாய்க்கால் ஓரம் ஒரு குறி வைத்து, அங்கிருந்து மரம்வரை நேராக இசாலே நடச் சொன்னார். நட்டவர் என் வீட்டுக்காரர். அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. இதில் எங்கே திருட்டு?

உன் மகனைத் தடுத்து நிறுத்து.

வெரெதியானா

*

முவான்ஸா,
19 பிப்ரவரி 1998

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மங்காவுக்கு என் வாழ்த்து. ஆயர் என்ன கேள்வி கேட்டார் என்று நீங்கள் எழுதவில்லை.

செவெரினியை நான் ஏவிவிடவில்லை. தடுக்கவும் மாட்டேன். அவன் அப்பா பொனிஃபாஸ் சாகிறவரை அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசியதில்லை. இவன் அப்படியில்லை, அது என் குற்றமா?

மாமனார் கயிறு கட்டிய நாளை நானும் மறக்கவில்லை. நீங்கள் உங்கள் மூலையில் ஒரே ஒரு இசாலே நட்டீர்கள். நான் என் மூலையில் மூன்றைச் சேர்த்து நட்டேன். "என்ன மருமகளே, மூணு புள்ளை பெத்துக்கப் போறியா?" என்று மாமனார் கேட்டார். எல்லாரும் சிரித்தீர்கள். நீங்கள்தான் கூடுதலாகச் சிரித்தீர்கள். அப்புறம் எனக்குப் பிறந்தது ஒன்றுதான் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்த மூன்று செடியும் இப்போது மூலையில் இல்லை அக்கா. செவெரினி தேடிப் பார்த்திருக்கிறான். வேலி வாய்க்காலைத் தொடும் இடத்தில் வெறும் மண்தான் இருக்கிறதாம். கோடு நகரவில்லை என்றால் என் செடிகள் எங்கே போயின? அங்கே குடியிருப்பது நீங்கள்தானே?

யூலிட்டா

*

கிபோஷோ,
1 மார்ச் 1998

யூலிட்டா,

உன் செடியைப் பிடுங்கிக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், குழம்பு வைக்கவா? உன் தோட்டத்துக்குள் நான் கால் வைத்தே நாளாயிற்று. சொந்தக்காரி ஊரில் இல்லாத தோட்டத்துக்குள் போகும் பழக்கம் எனக்கில்லை. உன் மூலை எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தை மங்கா படித்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் பென்சிலை எடுத்தாள்.

"பாட்டி, எல்லாத்தையும் அளக்க வேணாம். ரெண்டும் செங்கோண முக்கோணம். கீழ நடுக்கோடு வாய்க்காலைத் தொடுற எடத்துல மூலை ரெண்டு பக்கமும் நேரா நிக்கணும், அது ஒண்ணு. அந்த மூலைக்கு எதுத்தாப்ல இருக்கிற நீளப் பக்கம், அதான் நம்ம வேலியும் சின்னப்பாட்டி வேலியும், சமமா இருக்கணும். இன்னொரு பக்கமும் சமமா இருக்கணும், அது நடுக்கோடு, ரெண்டு பேருக்கும் அதே கோடுதான். இவ்வளவு இருந்தா ரெண்டும் சர்வசமம். வாய்க்கால் ஓரத்தை அளக்கவே தேவையில்ல, அது சமமா இருந்துதான் ஆகணும்."

"இருந்துதான் ஆகணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம் பாட்டி. வேற மாதிரி இருக்க அதுக்கு எடமே கெடையாது."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குக் கையால் செய்து பார்த்தால்தான் நம்பிக்கை வரும். வாழை இலையில் அவள் சொன்ன அளவுக்கு இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் பொருந்தவில்லை. "திருப்பிப் போடுங்க, வலது கையும் இடது கையும் மாதிரி" என்றாள். திருப்பிப் போட்டேன். கீழே இருந்த துண்டு கண்ணுக்கே தெரியவில்லை.

உன் மகன் வாய்க்கால் ஓரத்தை மட்டும் காலால் அளந்தான். சேறு என்று வேலியை அளக்கவே இல்லை. மங்கா வேலியை அளக்கட்டும், மூலையைப் பார்க்கட்டும். அதற்கு உன் தோட்டத்துக்குள் வர வேண்டும். அனுமதி கேட்டு எழுதுகிறேன். நான் உன்னிடம் அனுமதி கேட்கிறேன் என்பதைக் கவனித்துக்கொள்.

வெரெதியானா

*

முவான்ஸா,
11 மார்ச் 1998

அக்காவுக்கு,

கவனித்தேன்.

மங்கா சொன்னதாக நீங்கள் எழுதியதைச் செவெரினிக்குப் படித்துக் காட்டினேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளை எடுத்து முனையோடு முனை சேர்த்து வைத்தான்.

"ரெண்டு பக்கம் சமம்னா போதுமாம்மா? இந்தா, இதையே விரிச்சா அகலம், மூடினா ஒண்ணுமில்ல. கரண்டி ரெண்டும் அதேதான்."

"மூலை நேரா இருந்தா விரிக்கவும் முடியாது மூடவும் முடியாதுன்னுதானே அந்தப் பொண்ணு சொல்லுது."

"மூலை நேரா இருக்குன்னு யாரு பாத்தா? பெரியப்பாவா?"

உங்கள் பேத்தியிடமே கேளுங்கள்.

மங்கா உள்ளே வரலாம். நீங்கள் வர வேண்டாம்.

செவெரினி பெரிய வியாழனன்று பஸ் ஏறுவதற்குச் சீட்டு எடுத்துவிட்டான்.

யூலிட்டா

*

கிபோஷோ,
24 மார்ச் 1998

யூலிட்டா,

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். எழுதாமல் இருந்தால் நீ சொன்னது உண்மை என்றாகிவிடும்.

நான் அத்திமரத்தடியில் நின்றேன், உன் பக்கம் ஒரு அடிகூட வைக்கவில்லை. கயிற்றின் தலைப்பைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். மங்கா முதலில் என் வேலியோரமாகக் கயிற்றை இழுத்து, வாய்க்கால் தொடும் இடத்தில் முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சு உன் வேலியிலும் வாய்க்கால் கரையில் வந்து உட்கார வேண்டும் அல்லவா? உட்காரவில்லை. வாய்க்கால் வந்துவிட்டது, கயிறு அவள் கையில் மீதி இருந்தது. உன் வேலி குட்டை.

பிறகு மூலையைப் பார்த்தாள். கொத்தனார்கள் வீட்டுக்கு அடித்தளம் போடும்போது பிடிப்பார்களே, மூன்று நான்கு ஐந்து என்று முடிச்சுப் போட்ட கயிறு, அதைப் பிடித்தாள். என் பக்கத்து மூலையில் கயிறு விறைப்பாக நின்றது. உன் பக்கத்தில் தொய்ந்து விழுந்தது. இரண்டு தடவை பிடித்தாள். இரண்டு தடவையும் தொய்ந்தது.

"பாட்டி, இது சர்வசமம் இல்ல" என்றாள்.

"வாயை மூடுடி" என்றேன். கணக்கில் ஏ வாங்கிய பிள்ளையை நான் அப்படிச் சொன்னேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, கயிறு நனைந்து கனத்துப்போய் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் என்னோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை.

உன் பக்கம் குறைகிறது யூலிட்டா. அது உண்மை. ஆனால் தியோபில் எடுத்தார் என்பதை இப்போதும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மனுஷன் அடுத்தவர் மரத்திலிருந்து விழுந்த வாழைப்பழத்தைக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டவர். நிலம் ஒன்று சொல்கிறது, நான் அறிந்தவர் வேறொன்று சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

வெரெதியானா

*

முவான்ஸா,
1 ஏப்ரல் 1998

அக்காவுக்கு,

நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று செவெரினியிடம் சொன்னேன்.

"அதனாலதாம்மா போறேன். அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றான்.

கல்லறையை மட்டும் விட்டுவிடு என்று கேட்டேன். கோடு நேராகப் போனால்தான் கோடு, கல்லறைக்காக வளைக்க முடியாது என்கிறான். தியோபில் மாமாவின் முகம் எனக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் என்ன செய்யட்டும்? ஒரே பிள்ளை.

வியாழக்கிழமை காலை பஸ். கதவைத் திறந்து வையுங்கள், வெளியே நின்று சத்தம் போட வேண்டாம்.

யூலிட்டா

*

கிபோஷோ,
6 ஏப்ரல் 1998
தியோ கையில் கொடுத்தனுப்புகிறேன், அவன் நேரில் தருவான்

யூலிட்டா,

செவெரினி பஸ் ஏறுவதற்கு முன் இது உன் கைக்கு வர வேண்டும். உன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும் என்று தியோவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நேற்று குருத்தோலைப் பூசை முடிந்து வந்ததும் மங்கா வாயைத் திறந்தாள். பத்து நாளைக்கு மேல் பேசாமல் இருந்தவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"பாட்டி, ஒரு நேர்கோட்டு மேல செங்குத்தா ஒரு குச்சியை நிறுத்தினா, ஒரு பக்கம் மட்டும் செங்கோணம் வருமா?"

"எனக்கென்னடி தெரியும்."

"வராது. ஒரு பக்கம் செங்கோணம்னா மறுபக்கமும் செங்கோணமாத்தான் இருக்கணும். நம்ம பக்கம் சரியா இருக்கு, சின்னப்பாட்டி பக்கம் தொய்யுது. அப்படின்னா குச்சி கோணல் இல்ல. கோடுதான் கோணல். பாட்டி, இசாலே நகரல. வாய்க்கால் நகந்திருக்கு."

என் கையிலிருந்த குருத்தோலை கீழே விழுந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் பெருமழை பெய்து மலைச்சரிவு இடிந்தபோது நான் மணிக்கட்டு முறிந்து மோஷி மருத்துவமனையில் கிடந்தேன், உனக்கு நினைவிருக்கும். தண்ணீர் பங்கிட்டு விடும் வாய்க்கால் முறைகாரரிடம் ஓடினோம். "ஆமாம்மா, அந்தப் பக்கக் கரை ஒடஞ்சுபோச்சு. ஊரே கூடி மேல்பக்கமா வெட்டி விட்டோம். தண்ணி போனா போதும்னு இருந்தது, யாரு அளந்தா?" என்றார். உன் பக்கம் மட்டும் வாய்க்கால் மேடேறி உன் தோட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. திரும்பி வந்த நான் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. சொந்தக்காரி இல்லாத இடம் என்று மரியாதையாக ஒதுங்கி நின்ற நான்தான் இத்தனைக்கும் காரணம்.

மங்கா என் பக்கத்து வாய்க்கால் ஓரத்தை அப்படியே நேராக, தண்ணீரைத் தாண்டி, ஒரு நூல் பிடித்துக்கொண்டு போனாள். நான் மரத்தடியில் கயிற்றைப் பிடித்தேன். "முடிச்சு நூலைத் தொடுற எடம் ஒண்ணே ஒண்ணுதான் பாட்டி. அதான் சின்னப்பாட்டியோட மூலை" என்று கத்திக்கொண்டே போனாள். புல் அவள் தலைக்கு மேல் இருந்தது. கயிறு ஆடியது, நின்றது.

"பாட்டி, மூணு இருக்கு" என்றாள்.

மூன்று இசாலே. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, என் வீட்டு இறவாரம் உயரத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. அவள் கயிற்று முடிச்சு நடுச்செடியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. நான் வாய்க்கால் கரைவரை வந்தேன். அதைத் தாண்டவில்லை. நீ என்னை வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய்.

உன் நிலத்தில் ஒரு பிடி மண்ணும் குறையவில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. முறைகாரர் மழை ஓய்ந்ததும் வாய்க்காலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோவதாக எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

உன் செடியிலிருந்து மங்கா பறித்த ஒரு இலையையும் அவள் வரைந்த படத்தையும் இதற்குள் வைத்திருக்கிறேன். இசாலே இலையை ஒருவர் வீட்டுக்கு அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது அதற்கல்ல. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் எதையும் எடுக்கவில்லை, நான் எதற்குக் கேட்க வேண்டும்? சாட்சிக்கு அனுப்புகிறேன். அதனால்தான் மன்னிப்புக்குப் போடும் முடிச்சைப் போடாமல் வைத்திருக்கிறேன்.

வெரெதியானா

*

முவான்ஸா,
பெரிய வெள்ளி, 10 ஏப்ரல் 1998

அக்கா,

தியோ வந்தபோது செவெரினி பையைத் தோளில் போட்டு வாசலில் நின்றிருந்தான். உறையை நான் பிரித்தேன். கடிதத்துக்கு முன்னால் இலைதான் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இலை வந்துடுச்சேம்மா" என்றான்.

நான் கடிதத்தைப் படித்தேன். "டேய், உங்க பெரியம்மா மன்னிப்புக் கேக்கலையாம். சாட்சியாம். கொட்டை எழுத்துல எழுதியிருக்காங்க."

"அவங்க எழுதினது கெடக்கட்டும். வீட்டுக்குள்ள வந்த இசாலேயைத் திருப்பி அனுப்புன குடும்பம் எங்கயாவது இருக்கா?"

தியோ சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "எங்கம்மா மன்னிப்புக் கேட்டாங்கன்னு ஊர்ல போய்ச் சொன்னா என்னை வீட்டுல சேர்க்க மாட்டாங்க" என்றான். ஏரி மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான்.

மங்கா வரைந்து அனுப்பிய படத்தைச் செவெரினி நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த இரண்டு கரண்டிகளையும் எடுத்து, ஒன்றின் காம்பைச் சதுரத் தட்டின் மூலையோடு சேர்த்து நிறுத்தி, மற்றதைச் சாய்த்துப் பார்த்தான். மேலே பிடித்தால் கீழே ஒரே இடத்தில்தான் தொடுகிறது. "பெரியப்பா சரியாத்தான் நட்டிருக்காரு" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னான். அவன் ஊருக்கு வரவில்லை. அந்தச் சீட்டில் அடுத்த வாரம் நான் வரலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

அக்கா, தியோபில் மாமாவைத் திருடன் என்று என் பிள்ளை சொன்னான். நான் அதை எழுத்தில் எழுதினேன். எழுதியவள் நான், அவன் அல்ல. அதே இலையை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் போடாத முடிச்சை நான் போட்டிருக்கிறேன். இது சாட்சிக்கல்ல. அதற்குத்தான். இப்போது உங்களாலும் மறுக்க முடியாது.

மூன்று செடியும் உயிரோடு இருக்கிறது என்று படித்ததும் ஏனோ அழுகை வந்தது. வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

யூலிட்டா

*

கிபோஷோ,
19 ஏப்ரல் 1998

என் யூலிட்டாவுக்கு,

முடிச்சு வந்து சேர்ந்தது. கல்லறைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அவருக்கு அனுப்பியதை நான் எப்படி வைத்துக்கொள்வது?

நேற்று மங்கா கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டினேன். மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு நான் கூடுதலாகச் சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். சிரித்தேன்தான். பொறாமையில் சிரித்தேன். ஒன்று நடச் சொன்ன இடத்தில் மூன்று நடும் தைரியம் எனக்கு இல்லையே என்று. ஒன்றே நட்டிருந்தால் அந்தப் புல்லுக்குள் கண்ணில் பட்டிருக்காது. புல்லை வெட்டி வைக்கிறேன், நீ வந்து பார்.

மங்காவுக்கு ஐந்தாம் படிவத்தில் இடம் கிடைத்துவிட்டது, கணக்குத்தான் எடுக்கிறாள். பாத்ரிசியிடம் ஆயர் கேட்டது ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம் என்று. நீ கேட்டாய் அல்லவா, அதனால் சொல்கிறேன். தியோ உன் மீன் குழம்பைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான், என் சமையலை முன்வைத்துக்கொண்டே பேசுகிறான். நம் செவெரினி மீன் தொழிற்சாலையில் குமாஸ்தா, தன் தப்பைத் தட்டைப் பார்த்தாவது ஒத்துக்கொள்ளத் தெரிந்தவன். இந்த வரிசையில் அவனை மறுபடி சேர்த்துவிட்டேன், மங்காவுக்கு அடுத்த இடம்.

ஒரு சங்கடம். கிறிஸ்துமஸ் அன்று சுவரிலிருந்து கழற்றிய அவன் படத்தைக் கோபத்தில் கோழி அடைகாக்கும் கூடைக்கு அடியில் போட்டுவிட்டேன். இன்று எடுத்துப் பார்த்தேன். கழுத்துப்பட்டை மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. புகை பிடித்த சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, ஆணியும் அங்கேயே இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் யார் படம் அது என்று கேட்கிறார்கள். அவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, நீ பக்கத்தில் உட்கார்ந்து, புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பி வை.

வெரெதியானா